சென்னியப்பனின் ஊஃபர் பெட்டிகள்

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதைச் சென்னியப்பனுக்கு அவருடைய கால்தான் சொன்னது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை விசைத்தறியும் ஒரே நேரத்தில் நின்றதும் வாசல் சிமென்ட் தரை அடங்கி வெறும் தரையாகிவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக உள்ளங்காலில் ஓடிக்கொண்டிருப்பது அது, ஓடும்போது தெரியாது, நின்றால்தான் தெரியும். மாதத்தில் ஒரு நாள் மின்வாரியத்து ஆட்கள் கம்பத்தில் ஏறுகிற நாள், மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை, ஊரே அந்த நாளை வைதுகொண்டு பாயை விரிக்கும். சென்னியப்பன் மட்டும் பதினெட்டு நாளாக இதற்காகத்தான் காத்திருந்தார். தறி ஓடுகிற நாளில் தரையும் ஆடும், சுவரும் ஆடும், டம்ளரில் இருக்கிற தண்ணீரும் ஆடும். அதில் எது பெட்டியின் ஆட்டம், எது தறியின் ஆட்டம் என்று யார் கண்டது. இன்றைக்கு ஆடினால் அது பெட்டிதான். ஆடாவிட்டால், சரி, ஆடாவிட்டால் என்ன என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பானெட்டைத் திற சென்னியப்பா. மூன்று பேர் கை மாறி அவரிடம் வந்த பழைய மாருதி கார், நூல் மூட்டை ஏற்றி ஏற்றிப் பின் சீட்டு மடங்கியே கிடப்பது. அந்த மடங்கின இடத்தில் இரண்டு பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. அவரே பிளைவுட் அறுத்து அடித்தவை. மேலே ஒட்டக் கடைக்காரன் கறுப்புக் கம்பளி காட்டினான், அது எதற்கு, தன் தறியில் இறங்குகிற காடாத் துணி இல்லையா, அதையே இழுத்து ஒட்டிவிட்டார். பெட்டிக்கு ஒன்றாகப் பத்து இஞ்ச் ஊஃபர். ஒன்று புதிது, இன்னொன்று கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய மார்க்கெட்டில் பொறுக்கியது, யார் காரிலோ இடித்து முடித்துவிட்டு வந்தது, பின்னால் ஒயர் மாட்டுகிற இடத்தில் இருந்த சிவப்புக் குறிகூட அழிந்துபோயிருந்தது. பாட்டில் பாடுகிறவர் குரலுக்கும் குழலுக்கும் கதவு ஸ்பீக்கர் போதும். ஊஃபர் அடிச்சத்தத்துக்கு மட்டும், பாட்டுக்கு அடியில் தும் தும் என்று இடிக்கிறதே, அதற்கு மட்டும். அவருக்கு வேண்டியதும் அது மட்டும்தான்.

கேட்டவர்களிடமெல்லாம் பாட்டுக் கேட்கத்தான் என்று சொல்லி வைத்திருந்தார். நாலு வருஷமாகப் பெண்டாட்டி பேசுவதையே வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற மனுஷனுக்குப் பாட்டு ஒரு கேடா என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள், சொன்னால் சொல்லட்டும், அவருக்குக் கேட்கவா போகிறது, அந்த மட்டில் செவிடனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தறிச் சத்தம் தின்றுவிட்ட காது. முதலில் குருவியைத் தின்றது, பிறகு சைக்கிள் மணியை, பிறகு குழந்தைகள் பேச்சை, பிறகு பெண்டாட்டி ருக்குமணியின் குரலை. பெரிய குரல் இல்லை அவளுக்கு, கொஞ்சம் கீச்சுக்குரல், அதனாலேயே சீக்கிரம் போய்விட்டது. போன வருஷச் சித்திரையில் அவள்தான் கோயமுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சோதனை செய்கிற பெண் ஒரு அட்டையில் எழுதியிருந்ததைக் காட்டினாள். கீச்சென்ற மேல் சத்தங்கள் வந்தனவாம் போயினவாம், இவர் விரல் எழவேயில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கை தூக்கும்போது தூக்காமல் உட்கார்ந்திருந்த மாதிரி அவமானமாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தார், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய வலது தோள் ஒரு நூல் ஏறி இறங்குகிறது. தறிக்காரன் கண்ணுக்கு அது போதாதா. ஆயிரம் இழைகளில் ஓர் இழை அறுந்தால் பத்தடி தள்ளி நின்று பிடிக்கிற கண் அது. தும்மென்கிற கீழ்ச் சத்தங்களுக்கு வந்தபோது தோள் ஏறிய உடனே விரலைத் தூக்கினார். ஒன்று விடவில்லை. டாக்டர் படத்தைக் காட்டி, மேலே போனது போனதுதான் பெரியவரே, ஆனால் கீழே பிரமாதமாக இருக்கிறது, இதை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று எழுதிக் காட்டினார். ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வந்த பெருமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் இருந்தது. பார்த்து எழுதிப் பாசானவனுக்குத் தனக்கு என்ன தெரியும் என்பது தனக்கே தெரியாது, அந்தக் கதை ஆகிவிட்டது. கீழ்ச் சத்தம் உண்மையிலேயே கேட்டதா, அந்தத் தோள் கேட்டதா? மறுபடி போய்ச் சோதித்துக்கொள்ளலாம் என்றால் எதற்கு என்று அவள் கேட்பாள், அதற்கு என்ன பதில் சொல்வது. போன மாதம் மாரியம்மன் கோயில் சாட்டுத் திருவிழா, பெரிய மேளம் இரண்டு தெரு தள்ளி வருகிறது என்று எல்லோரும் திரும்பினார்கள், அவரும் திரும்பினார், அவர்கள் திரும்பியதால் திரும்பினார். காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கும். கூட்டம் வேறு. இருந்தாலும் பெரிய மேளம். அதுவும் போய்விட்டால் பிறகு ஒன்றும் இல்லை, வெறும் பஞ்சு. அந்த நினைப்பு வந்த இரவிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பேட்டரியில் பிளஸ் முனையைக் கழற்று. சிவப்புத் தடி ஒயர், ஒரு சாண் தள்ளி ஃபியூஸ், அது இல்லாமல் இழுத்தால் எங்காவது உரசி வண்டியே தீப்பிடிக்கும் என்று செல்போன் வீடியோவில் ஒரு பையன் கையை விரித்துக் காட்டியிருந்தான். பதினெட்டு நாளும் வீடியோதான். அவர்கள் பேசுவது இவருக்கு எதற்கு, வாய் ஆயிரம் சொல்லும், கை பொய் சொல்லாது, கையைப் பார்த்தே படித்தார். கரண்ட் ஒயர் இடது பக்கமாகப் போக வேண்டும், பாட்டு வருகிற ஒயர் வலது பக்கமாகப் போக வேண்டும், இரண்டும் பக்கத்தில் படுத்தால் இரைச்சல் வரும். மாமியாரும் மருமகளும் போல என்று அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டார். கால்மிதியைத் தூக்கி, கதவோரத் தகட்டைக் கழற்றி, ஒயரை விட்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பின்பக்கம் எடுத்தபோது அரை மணி நேரம் ஓடியிருந்தது, முட்டி இரண்டும் கெஞ்சின. எர்த் ஒயருக்கு சீட்டு போல்ட்டைக் கழற்றிப் பெயின்ட்டைச் சுரண்டினார், பளபளவென்று வெள்ளைத் தகடு வரும்வரை. சுரண்டாமல் மாட்டினால் எர்த் பிடிக்காது. பெயின்ட் மேல் மாட்டின எர்த்தும் பெயருக்குச் சொந்தமும் ஒன்று. ஆம்ப்ளிஃபயரும் கை மாறின சரக்குதான், சாப்பாட்டு டப்பா கனத்துக்கு இருந்தது, மேலே ஒரு கீறல், விற்றவன் அதைத் தடவிக்கொண்டே கொடுத்தான். பேசுவது கேட்காவிட்டாலும் ஒருத்தன் மனசில்லாமல் விற்கிறான் என்பது தெரியத்தானே செய்கிறது. தோளில் ஒரு கை பட்டது. ருக்குமணி எப்போதும் அப்படித்தான், முதலில் தொடுவாள், முன்னால் வந்து நிற்பாள், பிறகுதான் பேசுவாள். மோர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, இந்தப் பொட்டியெல்லாம் இங்க குத்த வெச்சா நூல் மூட்டைய எங்கீங்க வெக்கறது?" என்றாள். அவள் உதடு அவருக்கு அச்சடித்த எழுத்து. "உன்ற மடியில வெச்சுக்க" என்றார். "மடிதான, வெச்சாப் போச்சு. பாத்து, கைய கிய்யக் கடிச்சரப் போவுது." அவள் போனதும் மோரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். இவளிடம் பொய் சொன்னதுதான் பெரிய பாரம். கீழே நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதின காகிதத்தை அவள் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள், விபூதி படிகிற இடத்தில்.

கடைசியாக ஊஃபர் ஒயர்கள். புதியதில் சிவப்பு, கறுப்பு என்று குறி இருந்தது, குறிப்படி மாட்டினார். பழையதில் குறி இல்லை. இரண்டு பித்தளை நாக்குகள், இரண்டும் ஒரே நிறம். ஒரு நிமிஷம் யோசித்தார். பல்புக்கு எந்த ஒயர் எந்தப் பக்கம் போனால் என்ன, எரியத்தான் போகிறது. சத்தத்துக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம், வரத்தான் போகிறது. கைக்கு வந்தபடி மாட்டி முறுக்கினார். ஃபியூஸைச் சொருகினார். சாவியைப் போட்டு ஸ்டீரியோவைத் தட்டினார். ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு எரிந்தது. அடடா, அந்தப் பச்சையைப் பார்த்ததும் சின்னப் பையனைப் போலத் துள்ளியது மனசு, ஒரு கம்பெனிக்காரன் துணை இல்லாமல், ஒரு மெக்கானிக் துணை இல்லாமல், ஒன்பதாங்கிளாஸ் பாதியில் விட்ட சென்னியப்பன் ஒயர் இழுத்து விளக்கு எரிகிறது. டிக்கிப் பக்கம் ஓடி வந்தார். ஊஃபர் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. கண்ணால் பார்த்தார். கறுப்புக் கூம்பு இரண்டும் மூச்சு வாங்குவது போலத் துடிக்கின்றன, நன்றாகத் துடிக்கின்றன. காதில் ஒன்றும் இல்லை. குனிந்தார், தலையைப் பெட்டிகளுக்கு நடுவில் கொண்டுபோனார். ஒன்றும் இல்லை. ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினார், வந்தார், கூம்புகள் இன்னும் வேகமாக ஆடின. நெஞ்சில்கூட ஒன்றும் இடிக்கவில்லை. அடுப்படியிலிருந்து ருக்குமணி வந்து நின்றாள், கையில் கரண்டி, முகமெல்லாம் சிரிப்பு. "கேக்குதா புள்ள?" என்று கேட்டார், தன் குரல் நடுங்கியதா என்று அவருக்குத் தெரியவில்லை. "நல்லாக் கேக்குதுங்க! பாட்டு ஜம்முனு இருக்குது. உங்களுக்கு?" என்றாள். சென்னியப்பன் தலையை ஆட்டினார். "ஜோரா இருக்குது" என்றார். அவள் கரண்டியை ஆட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

ஆக முடிந்தது. கூம்பு ஆடுகிறது, கண் பார்க்கிறது; பாட்டு வருகிறது, அவள் கேட்கிறாள்; இவருக்கு மட்டும் இல்லை. இதைவிட யார் வந்து எழுதிக் காட்ட வேண்டும். செவிடன் காதில் சங்கு ஊதினாற்போல என்பார்கள், இவர் சங்கைத் தானே விலைக்கு வாங்கி, தானே பெட்டி அடித்து, காடாத் துணி போர்த்தி, தன் காதிலேயே ஊதிக்கொண்டார். சாட்டு மேளம் காற்றால் போகவில்லை. டாக்டர் பார்த்தது இவர் காதையல்ல, அந்தப் பெண்ணின் தோளை. ஸ்டீரியோவை அணைத்துவிட்டு டிக்கி விளிம்பில் உட்கார்ந்தார். இனி என்ன. இனி லாரி பின்னால் வந்தால் தெரியாது. இனி எதிர்வீட்டு மகுடேசன் மாதிரி எத்தனை பேர். மகுடேசனின் அப்பா இறந்துபோன காலையில் அவன் வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னான், புது வீட்டுப் பால் காய்ச்சுவதற்கு அழைக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, "நொம்ப சந்தோசம் மகுடேசா, குடும்பத்தோட வந்தர்றோம்" என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த முகம். மூன்று மாசம் அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை, ருக்குமணி போய் அழுதுவிட்டு வந்த பிறகுதான் பேசினான். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது, கேட்காத காது சுட மட்டும் மறக்கவில்லை. அன்றைக்குக்கூட அவன் குரலின் அடியில் ஒரு முனகல் இருந்தது, அது வந்ததே, அடியில் ஏதோ வந்ததே, அதை வைத்துத்தானே அவன் பேசுகிறான் என்றே தெரிந்தது. வந்ததா, உதடு அசைந்ததைப் பார்த்து நானே போட்டுக்கொண்டேனா. நினைப்பு அந்த இடத்துக்கு வந்து சிக்கியது, எடுத்தது, மறுபடி அங்கேயே சிக்கியது. அழலாம் என்று தோன்றியது. நடுத்தெருவில், பட்டப்பகலில், ஒரு ஆண்பிள்ளை கார் டிக்கியில் உட்கார்ந்து அழுதால் மின்வாரியத்து ஆள் கம்பத்து மேலிருந்து பார்ப்பான். நிமிர்ந்து பார்த்தார், ஆமாம், தெருக்கோடிக் கம்பத்தில் ஒருத்தன் இருந்தான், ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

கழற்றுகிறான், சாயந்திரம் திருப்பி எப்படி மாட்டுவானோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் மூன்று பேஸ் ஒயரில் இரண்டை இடம் மாற்றி மாட்டிவிட்டான் ஒரு புண்ணியவான், கரண்ட் வந்தது, ஆறு தறி மோட்டாரும் எதிர்ப்பக்கமாகச் சுற்றின, பெல்ட்டு பிடித்து முதல் தறியில் பாவு நூல் பாழாய்ப் போனது. அதிலிருந்து மின்தடை நாள் சாயந்திரம் சென்னியப்பன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார். ஒரு தட்டு, ஒரே தட்டு, உடனே அணைத்துவிட வேண்டும், மோட்டார் அரைச் சுற்று சுற்றும், எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் பதற வேண்டியதில்லை, இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகப் போய்விடும். இன்றைக்கும் மறக்காமல் தட்டிப் பார்க்க வேண்டும், ஒயர் மாறினால் சுற்று மாறும், ஒயர் மாறினால்... அவருடைய கை தொடையின் மேல் அப்படியே நின்றது. ஒயர் மாறினால். பித்தளை நாக்கு, இரண்டும் ஒரே நிறம், கைக்கு வந்தபடி. ஒரு பெட்டி காற்றை வெளியே தள்ளும்போது இன்னொரு பெட்டி உள்ளே இழுத்தால்? அவன் தள்ளினதை இவன் குடித்துவிடுவான். ஒரே கதவை உள்ளிருந்து ஒருத்தனும் வெளியிலிருந்து ஒருத்தனும் தள்ளினால் கதவு எங்கே அசையும். இரண்டு பேரும் நன்றாகத்தான் வேலை செய்வார்கள், வேர்வை சிந்தத்தான் செய்வார்கள், கூம்பு ஆடத்தான் செய்யும், கேட்பதற்குத்தான் ஒன்றும் மிஞ்சாது. ருக்குமணிக்குக் கேட்டது பாட்டு, கதவு ஸ்பீக்கரின் பாட்டு, குரலும் குழலும். அடிச்சத்தம் கேட்டதா என்று அவளை யார் கேட்டார்கள்? எழுந்தார். கால் மரத்திருந்தது, அதோடு ஓடினார். எதைக் கொண்டு தட்டிப் பார்ப்பது, டிவி ரிமோட், ரிமோட்டில் பென்சில் பேட்டரி, மூடியைப் பிடுங்கி ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். ருக்குமணி ஏதோ கேட்டாள், உதட்டைப் பார்க்கக்கூட நேரமில்லை.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து நாலு ஒயரையும் கழற்றினார். புதிய பெட்டியின் சிவப்பு ஒயரைப் பேட்டரியின் மொட்டில் வைத்தார், கறுப்பை அடியில் ஒரு தட்டு தட்டினார். கூம்பு விருட்டென்று வெளியே எம்பியது. இப்போது பழையது. அதே சிவப்பு ஒயர் மொட்டில், அதே கறுப்பு அடியில். ஒயர் நழுவி விழுந்தது, எடுத்தார், முருகா என்றார், தட்டினார். கூம்பு உள்ளே போனது. அவர் இன்னொரு தரம் தட்டினார். உள்ளே. இன்னொரு தரம். உள்ளே, உள்ளே, சந்தேகமே இல்லாமல் உள்ளே! "அடி திருட்டு நாயே!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார், அது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். காது போகவில்லை, போனதா இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, ஆனால் இப்போது கேட்காததற்குக் காரணம் காது இல்லை, ஒயர், வெறும் ஒயர், இரண்டு விரலால் மாற்றிப் போடுகிற ஒயர். பித்தளை நாக்கிலிருந்து இரண்டையும் கழற்றி இடம் மாற்றிச் சொருகினார். மறுபடி தட்டினார். எம்பியது. எம்புவாய், எம்பாமல் எங்கே போவாய். நாலு ஒயரையும் ஆம்ப்ளிஃபயரில் முறுக்கி, டிக்கியைத் திறந்தே வைத்துவிட்டு, முன் சீட்டில் போய் விழுந்து ஸ்டீரியோவைத் தட்டி, சத்தக் குமிழைப் பாதிக்குத் திருகினார். முதுகில் யாரோ தலையணையால் அடித்தார்கள். திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. மறுபடி அடி. சீட்டு இடித்தது, ஸ்டீரிங் இடித்தது, நம்பர் பிளேட்டு ஆடியது, கண்ணாடியில் மாட்டியிருந்த முருகன் படம் கிடந்து குதித்தது, நெஞ்சுக்கூட்டில் தும், தும், தும்தும் என்று ஒருத்தன் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு இடித்தான். சென்னியப்பன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தோஷம் என்றால் இதுதான் என்று ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொள்வதில் ஒரு தப்பும் இல்லை.

வெளியே எதிர்வீட்டில் மகுடேசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கக் கண்ணோடு வந்து நின்றான். ருக்குமணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அலமாரியில் டம்ளர் உருளுகிறது என்று கையால் உருட்டிக் காட்டினாள். எல்லாம் சரி, எல்லாம் சரி, ஆனால் சென்னியப்பனுக்குள் இருந்த பழைய கள்ளன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். இது காதா, தோலா? நெஞ்சு ஆடுவதைக் காது கேட்கிறது என்று கணக்கு எழுதினால் அதுவும் தோளைப் பார்த்து விரல் தூக்குவதும் ஒன்றுதான். ஒருமுறை பார்த்து எழுதியாயிற்று, இன்னொரு தரம் தன்னையே ஏமாற்ற முடியாது. இறங்கிப்போய் ருக்குமணியின் கையைப் பிடித்தார், அவளைக் கொண்டுவந்து ஸ்டீரியோ முன்னால் உட்காரவைத்தார். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும். "புள்ள, அன்னைக்குக் கோயமுத்தூர்ல நான் கேட்டு வெரலத் தூக்கல. அந்தப் புள்ளையோட தோளப் பாத்துத் தூக்குனேன்" என்றார். ருக்குமணி அவரையே பார்த்தாள். அந்த முகத்தில் முதலில் கோபம் வந்தது, அப்புறம் வேறு ஏதோ வந்தது, கண் நிறைந்தது. "எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "கண்ணாடிக்கு இக்கட்டால, அந்தப் புள்ள பக்கத்துல நானுந்தான நின்னுட்டு இருந்தேன். நீங்க அவ தோளப் பாத்தீங்க, நான் உங்களப் பாத்தேன்." ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தக் காகிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இவளும் இதையேதான் சுமந்திருக்கிறாள்.  சென்னியப்பன் ஸ்டீரியோப் பொத்தானைக் காட்டி, "பத்துத் தடவ போடு, பத்துத் தடவ நிறுத்து. உன்ற இஷ்டத்துக்கு. நான் தெருக்கோடிக்குப் போயி முதுகக் காட்டிட்டு நிக்கறேன். வந்தா கையத் தூக்குவேன், நின்னா எறக்குவேன்" என்றார்.

தெருக்கோடியில் வீடு கட்டக் கொட்டின மணல்மேடு இருந்தது. அதில் ஏறி நின்றார், மணலில் தரையின் ஆட்டம் ஏறாது, செருப்பையும் கழற்றவில்லை. முன்னால் வெறும் சோளக்காடு, பார்த்துப் பிடிக்க அங்கே எவள் தோளும் இல்லை. கண்ணை மூடினார். ஒன்றுமில்லை. பஞ்சு. கொஞ்ச நேரம் வெறும் பஞ்சு, இதயம் அடிப்பதுதான் தெரிகிறது, இதுதான் அதா, இல்லை, இது நான். பிறகு தூரத்தில், பஞ்சுக்கு அந்தப் பக்கம், தும். நெஞ்சில் இல்லை. காலில் இல்லை. தலைக்குள், வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக, தும், தும், தும்தும். கை தானாக எழுந்தது. நின்றது, கை இறங்கியது. மறுபடி வந்தது, எழுந்தது. ஒன்று உடனே வந்தது, ஒன்று வெகுநேரம் காக்கவைத்தது, கெட்டிக்காரி, ஏமாற்றப் பார்க்கிறாள். அவர் கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, கம்பத்து மேலிருந்த ஆள் தனக்குத்தான் சைகை என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குக் கையை ஆட்டினான். முடிந்ததென்று ருக்குமணி ஓடி வந்தாள், மூச்சு வாங்கியது, முதலில் தோளைத் தொட்டாள், முன்னால் வந்தாள். விரலைக் காட்டினாள், ஒன்பது. "ஒண்ணு தப்புங்க. ஆறாவது நொம்ப மெதுவா வெச்சேன், நீங்க தூக்குல." சென்னியப்பன் அவள் தலையில் கையை வைத்துச் சிரித்தார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் வழிந்தது. பார்த்து எழுதுகிறவனுக்குத்தான் பத்துக்குப் பத்து வரும், தப்பு வருகிறது என்றால் அது சொந்தமாக எழுதினது. ஒன்பது! அத்தனையும் தன்னுடையது! "போயி முழுசாப் போட்டு உடு புள்ள, அப்பிடியே ஓடட்டும்" என்றார். அவள் போனாள். வந்தது. அவர் மணல்மேட்டிலிருந்து இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல், மெயின் ரோட்டுப் பக்கமாக நடந்தார். பால் சொசைட்டி வந்தது, கேட்டது. ரேஷன் கடை வந்தது, கொஞ்சம் மெலிந்திருந்தது, கேட்டது. மகுடேசன் பின்னாலேயே ஓடி வந்து வழிமறித்தான், எங்கே என்று கையை விரித்தான், காரைப் பார்த்துக் கையைக் காட்டினான், அங்கே ஊரே கூடிவிட்டது, அடித்த பெட்டியை விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள் அண்ணா என்பது அந்தக் கையிலேயே இருந்தது. "கேக்காத எடம் எங்க இருக்குதுன்னு பாக்கப் போறேன் மகுடேசா" என்றார் சென்னியப்பன், "இன்னும் வரல." அவனைத் தாண்டி நடந்தார்.